கைவிடப் பழகுதல்

அமெரிக்காவின் ஸ்கைடைவிங் பள்ளிகளில் வகுப்பறையின் ஓரமாகக் கூரையிலிருந்து ஒரு ஹார்னஸ் தொங்கிக்கொண்டிருக்கும். ஃப்ளோரிடாவின் டிலேண்ட், கலிஃபோர்னியாவின் பெரிஸ், அரிசோனாவின் இலாய் போன்ற பேர்போன இடங்களிலும், வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய விமானத் திடல்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். மாணவர் அந்தப் பட்டைகளுக்குள் தொடைகளையும் தோள்களையும் நுழைத்துக்கொண்டு, பாதம் தரையில் படாத உயரத்தில் தொங்குவார். பயிற்சியாளர் அவருடைய தலைக்கு மேலே ஒரு படத்தைப் பிடிப்பார். பாராசூட் செவ்வகமாக, காற்று நிறைந்து விரிந்திருக்கும் படம் என்றால் மாணவர் சரி என்று சொல்லிவிட்டுத் திருப்புக் கயிறுகளைக் கையில் எடுக்கலாம். கயிறொன்று துணியின் மேலேறி அதை நடுவில் நெரித்திருக்கும் படம் என்றால் வேறு வேலை இருக்கிறது. உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். வலது மார்போரம் இருக்கும் சிவப்புக் கைப்பிடியைக் கண்ணால் பார்த்து, கையால் பற்ற வேண்டும். இடது மார்போரம் இருக்கும் வெள்ளிநிறக் கைப்பிடியைப் பார்த்துப் பற்ற வேண்டும். சிவப்பை ஒட்டுப்பட்டையிலிருந்து உரித்து, கை நீளும் மட்டும் இழுக்க வேண்டும். அடுத்த கணமே வெள்ளியை இழுக்க வேண்டும். பிறகு தலைநிமிர்ந்து மேலே பார்க்க வேண்டும்.

முழுவதும் சேர்ந்து சில விநாடிக் காரியம். கைப்பிடிகளை மறுபடி மாட்டிவிட்டு அடுத்த படம். மறுபடி வளைதல், பார்த்தல், பற்றுதல், இழுத்தல். ஒவ்வோர் அசைவையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். தொடைப்பட்டை அழுத்தி வலிக்கும், வகுப்பில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூச்சம் வரும். கூச்சம் போகிறவரை, பிறகு அலுப்பு வருகிறவரை, அலுப்பையும் தாண்டிக் கை தானாக நகர்கிறவரை இது தொடரும்.

எதற்கு இத்தனை தடவை என்று கேட்டால், கை பழக வேண்டும் என்பார்கள். அது உண்மை. ஆனால் கை பழகுவதைவிடப் பெரிய காரியம் ஒன்று அந்த ஹார்னஸில் நடக்கிறது என்று நினைக்கிறேன். வானத்தில் எடுக்கவே முடியாத ஒரு முடிவை மாணவர் அங்கே எடுத்து வைத்துக்கொள்கிறார். நேரம் தாராளமாக இருக்கும் இடத்தில், கேள்வி கேட்டு, சந்தேகம் தீர்த்து, தனக்குச் சரியென்று பட்ட பிறகு எடுத்த முடிவு அது. மேலே போன பின் அவருக்கு மிச்சமிருப்பது அந்த முடிவுக்குக் கீழ்ப்படிவது ஒன்றுதான். இந்தக் கட்டுரை அந்தக் கீழ்ப்படிதலைப் பற்றியது.

*

கைப்பிடியைப் பற்றுவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தன் மார்பில் இருப்பதைத் தொட ஒருவருக்குக் கண் வேண்டுமா?

1922 அக்டோபர் 20 அன்று ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், மெக்குக் ஃபீல்டு என்ற ராணுவச் சோதனைத் திடலிலிருந்து ஹரால்டு ஹாரிஸ் என்ற லெஃப்டினென்ட் ஒரு போர்விமானத்தைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினார். வானத்தில் விமானம் கடுமையாக அதிர்ந்து இறக்கை பிய்யத் தொடங்கியது. ஹாரிஸ் வெளியே குதித்தார். பாராசூட்டின் கைப்பிடியைத் தேடி இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார், மறுபடியும் இழுத்தார். மூன்று முறையும் அவர் பிடித்து இழுத்தது தொடைப்பட்டையின் இரும்புக் கொக்கியை. சரியான கைப்பிடி கையில் அகப்பட்டபோது தரை ஏறக்குறைய 500 அடி தூரத்தில் இருந்தது. ஒரு வீட்டுக் கொல்லையில் திராட்சைப் பந்தலின் மேல் வந்து விழுந்தார், சிராய்ப்புகளோடு தப்பினார். பழுதான விமானத்திலிருந்து குதித்து, தன் கையால் பாராசூட்டைத் திறந்து உயிர் பிழைத்த முதல் ஆளென்று அவரை வரலாறு சொல்கிறது. அந்த வரலாற்றுக்குள்ளேயே மூன்று தவறான இழுப்புகளும் இருக்கின்றன.

ஹாரிஸ் கோழையல்ல, திறமையற்றவரும் அல்ல. தேர்ந்த சோதனை விமானி. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது கை எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும். பற்றியது எதுவென்று விசாரிக்காது. இன்றைய ஹார்னஸிலும் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே மார்புப் பட்டை இருக்கிறது, உடையின் மடிப்பு இருக்கிறது. அதனால்தான் பார்த்தல் என்பது பயிற்சியில் தனி அசைவாக வைக்கப்பட்டிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய கை செய்த பிழை இன்று யாரோ ஒரு மாணவரின் கழுத்தைக் கீழே குனிய வைக்கிறது.

ஹாரிஸின் குதிப்புக்கும் எட்டு ஆண்டுகள் முன்னால், 1914இல், சான் டியேகோவில் ஜார்ஜியா பிராட்விக் என்ற இளம்பெண் ராணுவ அதிகாரிகளுக்குப் பாராசூட்டைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அன்றைய பாராசூட் விமானத்தோடு ஒரு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். குதிப்பவரின் எடையே கயிற்றை இழுத்துப் பாராசூட்டைத் திறக்கும். ஒரு குதிப்பில் அந்தக் கயிறு விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது என்று சொல்லப்படுகிறது. அடுத்த குதிப்பில் அவர் கயிற்றை வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டு குதித்து, சில கணம் வெறுமனே விழுந்து, மிச்சமிருந்த நுனியைத் தன் கையால் இழுத்துத் திறந்தார். விமானத்தின் பிடியில் இல்லாமல் தானே விழுந்து தானே திறக்கும் வழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் இன்பத்துக்காகச் செய்யும் காரியம் ஓர் ஆபத்துக்குத் தேடிய பதிலாகப் பிறந்திருக்கிறது.

*

சிவப்புக் கைப்பிடி என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது பாராசூட்டைத் திறப்பதில்லை; திறந்திருக்கும் முதன்மைப் பாராசூட்டை உடம்பிலிருந்து கழற்றிவிடுகிறது. இரண்டாவது பாராசூட்டைத் திறப்பது வெள்ளிநிறக் கைப்பிடி. இதற்குக் கட்-அவே என்று பெயர். வெட்டுவதற்கு அங்கே கத்தி எதுவும் கிடையாது. இரண்டு தோள்களிலும் மூன்று மூன்று வளையங்கள் இருக்கும். பெரியது ஹார்னஸில் தைக்கப்பட்டிருக்கும். நடுவளையம் அதற்குள் நுழைந்து மடங்கும். சிறியது நடுவளையத்துக்குள் நுழைந்து மடங்கும். சிறியதை ஒரு நூல்கண்ணி பிடித்திருக்கும். அந்தக் கண்ணியை மஞ்சள் உறையிட்ட ஒரு கம்பி பிடித்திருக்கும். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இழுவிசை பல மடங்கு குறைந்துவிடும். நூற்றுக்கணக்கான கிலோ பாரம் கடைசிக் கண்ணிக்கு வந்து சேரும்போது ஒரு மனிதக் கை விடுவிக்கக்கூடிய அளவாகிவிடும். கம்பியை உருவினால் இரண்டு தோள்களும் ஒரே இழுப்பில் விடுபடும்.

பில் பூத் என்ற அமெரிக்கர் 1970களின் நடுவில் இதை உருவாக்கினார். அதற்கு முன்னால் தோளுக்கு ஒன்றாக இரண்டு உலோகப் பூட்டுகள். ஒவ்வொன்றின் மூடியையும் தனியே திறந்து, உள்ளே இருக்கும் கம்பி வளையத்தில் விரலை மாட்டி இழுக்க வேண்டும். சுழன்று விழும்போது ஒரு தோள் மட்டும் கழன்று மறுதோள் கழலாமல் போனால் நிலைமை முன்பிருந்ததைவிட மோசமாகும். ஆகவே பழைய தலைமுறையில் பலர் கழற்றுவதற்கே தயங்கினார்கள். முதல் பாராசூட் அப்படியே தலைக்கு மேல் கிடக்க, வயிற்றில் கட்டியிருந்த இரண்டாவதைக் கையால் எடுத்து வீசிப் பிழைக்கப் பார்த்தார்கள். இரண்டும் பின்னிக்கொண்டால் வேறு வழியில்லை. மூன்று வளையம் வந்தபின் கைவிடுவது எளிதாயிற்று. கைவிடுவது கைக்குத்தான் எளிதாயிற்று. மனதுக்கு அது இன்றும் எளிதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பாராசூட் திறக்கவே இல்லையென்றால் குழப்பம் குறைவு. மேலே ஒன்றுமில்லை, காற்று காதில் அலறுகிறது, தரை வளர்ந்துகொண்டே வருகிறது. என்ன செய்ய வேண்டுமென்று உடம்புக்கே தெரியும். சிக்கல், பாதி திறந்த பாராசூட்டில் இருக்கிறது. துணி விரிந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் கயிறுகள் முடிச்சிட்டு அது ஒரே திசையில் சுற்றுகிறது. கயிறுகளின் வழியே இறங்கி வரவேண்டிய ஸ்லைடர் பாதியில் நின்றுவிட்டது. பாராசூட்டின் காற்றறைகளில் ஒன்றின் துணி கிழிந்திருக்கிறது. விழும் வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் போதுமான அளவு குறையவில்லை. இப்போது தலைக்கு மேலே இருப்பது ஓரளவு தாங்கும் ஒரு பொருள். சிவப்புக் கைப்பிடியை இழுப்பது என்றால் அந்த ஓரளவையும் தன் கையாலேயே விட்டுவிட்டு வெறும் வீழ்ச்சிக்குத் திரும்பிப் போவது. இரண்டாவது பாராசூட் இன்னும் பையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அதை மடித்து வைத்தவர் எங்கோ தரையில் இருக்கிறார். கண்ணெதிரே உள்ள அரைகுறையை விட்டு, காணாத முழுமையை நம்ப வேண்டும்.

மனிதக் கை இதற்கு எதிராகவே பழகி வந்திருக்கிறது. உடைந்ததைச் சரிசெய்யும், சிக்கெடுக்கும், இன்னொரு முறை முயன்று பார்க்கும். நம் நல்ல குணங்களில் பாதி இந்தக் கையிலிருந்து வந்தவை. ஸ்கைடைவிங்கிலும் அதற்கு இடமுண்டு. கயிறுகள் முறுக்கிக்கொண்டால் பட்டைகளை விலக்கிப் பிடித்துக் கால்களை உதைத்து முறுக்கவிழ்க்கலாம். ஓர அறைகள் மூடியிருந்தால் திருப்புக் கயிறுகளை இரண்டு முறை முழுக்க இழுத்துவிட்டுப் பார்க்கலாம். இவற்றைத் தொல்லை என்ற கணக்கில் வைப்பார்கள். கோளாறு என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. பாராசூட் இருக்கிறதா, செவ்வகமாக இருக்கிறதா, சொன்னபடி திரும்பி நிதானப்படுகிறதா என்று மாணவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு விடை இல்லை என்றால், முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை மனதின் விருப்பத்தில் விடப்படவில்லை. அடிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

*

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கையேட்டின்படி மாணவருக்கும் முதல்நிலை உரிமம் பெற்றவருக்கும் அந்த எல்லை 2,500 அடி. அதற்கு மேல்நிலை உரிமம் உள்ளவர்களுக்கு 1,800 அடி. அந்த உயரம் வருவதற்குள் தலைக்கு மேலே நல்ல பாராசூட் இல்லையென்றால் அத்தோடு யோசனை முடிந்தது, செயல்தான். என்ன நேர்ந்தாலும் 1,000 அடிக்குள் இரண்டாவது பாராசூட்டை இழுத்துவிட்டிருக்க வேண்டும்.

எண்களைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். வயிறு கீழாக விழும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார்; விநாடிக்குச் சுமார் 175 அடி. பயிற்சி மாணவர் பாராசூட்டைத் திறக்க முயல்வது 5,500 அடி வாக்கில். ஒன்றுமே திறக்காவிட்டால் அங்கிருந்து 2,500 அடிக்கு வர 17 விநாடி. அங்கிருந்து தரைக்கு 14 விநாடி. இந்த எல்லையை வகுத்தவர்கள் ஒருவருடைய நம்பிக்கை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவருக்காக முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார்கள். இது கருணையுள்ள செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்ற குரல் எப்போதும் எழும். அதற்கு மறுமொழி சொல்ல, அந்தக் குரல் எழாத இடத்தில் இருந்தபோதே எழுதிய ஓர் எண் வேண்டும்.

ஆபத்தில் நேரம் மெதுவாக நகரும் என்று தப்பிப் பிழைத்தவர்கள் பலர் சொல்வார்கள். அது உண்மையானால் இந்த 14 விநாடி போதுமானதாகத் தோன்றலாம். டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். ஆய்வு 2007இல் வெளியானது. டாலஸ் நகரில் ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து ஆட்களைக் கயிறில்லாமல், முதுகு கீழாக, 31 மீட்டர் தாழ்வில் இருந்த வலையில் விழவைத்தார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் எண்களைக் காட்டும் ஒரு சிறு கருவி. சாதாரண நிலையில் கண்ணால் பிரித்தறிய முடியாத வேகத்தில் எண்கள் மாறி மாறி மின்னும். விழும்போது நேரம் மெய்யாகவே நீள்கிறது என்றால் அந்த எண்களைப் படிக்க முடிய வேண்டும். அவர்களால் படிக்க முடியவில்லை. ஆனால் பிறகு கேட்டபோது, பிறர் விழ எடுத்த நேரத்தைவிடத் தாங்கள் விழ எடுத்த நேரத்தைச் சராசரியாக 36 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். அச்சத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிகிறது. திரும்பிப் பார்க்கையில் அந்த அடர்த்தி நீளமாகத் தெரிகிறது. விழுகிறபோது யாருக்கும் ஒரு விநாடிகூட அதிகமாகக் கிடைப்பதில்லை.

பயிற்சியின் அடிப்படையையே இது தொடுகிறது. கூடுதல் நேரம் வானத்தில் கிடைக்காது என்றால் அதைத் தரையிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். ஹார்னஸில் தொங்கிய மணிநேரங்கள் எல்லாம் அந்த 14 விநாடிக்குள் மடித்து வைக்கப்படுகின்றன. அதனால்தான் மணிக்கட்டில் உயரமானியும் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று மனதைக் கேட்டால் அது பொய் சொல்லும். எவ்வளவு உயரம் மிச்சம் என்று முள்ளைக் கேட்க வேண்டும்.

*

முன்கூட்டியே முடிவெடுப்பது என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே விடையை மனப்பாடம் செய்வது என்று ஆகிவிடாது. விதி தலைகீழாகும் இடங்களும் பயிற்சியில் உண்டு.

இரண்டு பாராசூட்டுகளும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் பின் ஒன்றாக, ஒட்டிக்கொண்டு பறந்தால் சிவப்பைத் தொடக் கூடாது. முன்னால் இருப்பதை மட்டும் மென்மையாகத் திருப்பி அப்படியே இறங்க வேண்டும். இரண்டும் எதிரெதிராகப் பிரிந்து தரையை நோக்கிப் பாய்ந்தால் முதன்மையைக் கழற்றிவிட வேண்டும். அதே இரண்டு துணிகள். அவை நிற்கும் கோணத்தைப் பொறுத்து கைவிடுதல் ஒருமுறை உயிரைக் காக்கும், இன்னொருமுறை குடிக்கும். ஆகவே இழுக்கப் பழகுவதோடு இழுக்காமல் இருக்கவும் பழக வேண்டும். பயிற்சியாளர் காட்டும் படங்களில் நல்ல பாராசூட்டின் படமும் கலந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னோர் இடத்தில் வல்லுநர்களுக்கே ஒருமித்த கருத்து கிடையாது. முதன்மைப் பாராசூட்டைப் பையிலிருந்து இழுத்தெடுக்க முதலில் ஒரு சின்னப் பாராசூட்டைக் காற்றில் வீசுவார்கள். அது வெளியே போய்க் காற்றில் படபடக்கிறது. பை மட்டும் திறக்கவில்லை. இப்போது சிவப்பை இழுத்துவிட்டு வெள்ளியை இழுப்பதா, நேராக வெள்ளியையே இழுப்பதா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நேராக இழுத்தால் நேரம் மிச்சம். ஆனால் இரண்டாவது திறக்கும் வேளையில் முதலாவதும் கிளம்பி வந்து பின்னிக்கொள்ளலாம். கழற்றிவிட்டு இழுத்தால் ஓர் அசைவு கூடுதல். கழன்ற முதன்மை பின்னால் வந்து சிக்கும் வாய்ப்பும் உண்டு. சங்கத்தின் கையேடே இரண்டு வழிகளையும் சொல்லி, எது தனக்கு என்பதைக் குதிப்பவர் தம் பயிற்றுநரோடு பேசி முன்னதாகவே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

இந்தக் கலையின் நேர்மை எனக்கு இங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது. சரியான விடை இல்லாத இடத்தில் இருப்பதாகப் பாவனை செய்யவில்லை. அதே சமயம், விடை இல்லை என்பதால் முடிவெடுக்காமல் மேலே போகவும் விடவில்லை. இரண்டு வழிகளும் ஆபத்தானவையாக இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே பழக வேண்டும். வானத்தில் நின்று இரண்டையும் எடைபோடுவதுதான் மூன்றாவது வழி. அதில் நிச்சயமாக ஒன்றும் மிஞ்சாது.

*

இவ்வளவையும் ஓர் இயந்திரத்திடம் விட்டுவிட முடியாதா? ஓரளவுக்கு முடியும். ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் உருவாக்கிய சைப்ரெஸ் என்ற தானியங்கிக் கருவி 1991இல் புழக்கத்துக்கு வந்தது. அதில் பரவலாகப் பயன்படும் வகை, 750 அடி உயரத்தில் ஒருவர் இன்னும் மணிக்கு 126 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், இரண்டாவது பாராசூட்டின் பையை மூடி வைத்திருக்கும் கண்ணியைத் தானே அறுத்துவிடும். நினைவிழந்தவர்கள், உயரத்தை மறந்தவர்கள் எனப் பலருக்கு அது உயிர்கொடுத்திருக்கிறது. முதன்மைப் பாராசூட்டைத் தாங்கும் பட்டையிலிருந்து ஒரு நாடாவை இரண்டாவது பாராசூட்டின் ஊசிக்கு இணைத்து, முதன்மை கழன்று போகும்போதே இரண்டாவதைத் திறக்கவைக்கும் ஏற்பாடும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டில் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல். 2021இல் சுமார் 35.7 லட்சம் குதிப்புகளில் 10 பேர். அந்த இடைவெளியில் கருவிகளின் பங்கு பெரியது.

ஆனால் சைப்ரெஸ் முதன்மைப் பாராசூட்டைக் கழற்றிவிடாது. அரைகுறையாகத் திறந்த துணியின் கீழே, எல்லை வேகத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்று இறங்குபவரைப் பார்த்து அது சும்மா இருக்கும். அதன் கணக்கில் அவர் காப்பாற்றப்பட்டவர். மனிதர் மிகவும் தடுமாறும் அந்தப் பாதி நிலையில்தான் இயந்திரமும் பேசாமல் இருக்கிறது. சிவப்புக் கைப்பிடி இன்றும் மனிதக் கைக்காகக் காத்திருக்கிறது. நாடா இணைத்திருந்தாலும் இரண்டு கைப்பிடிகளையும் இழுத்தே தீர வேண்டும் என்று கற்பிப்பதும் அதனால்தான். கருவி இருக்கிறது என்ற எண்ணத்தோடு ஒருவர் ஒத்திகை பார்த்தால், அவருடைய ஒத்திகையில் கடைசி அசைவு காணாமல் போய்விடும்.

*

இதை எழுதும்போது நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2018 ஜூலை 12 அன்று கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர்க் காலத்தில் தப்பிப்பதற்கான பயிற்சி நடந்தது. கீழே மாணவர்கள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் மாடியின் விளிம்பில் உட்கார்ந்து தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழ்மாடியின் சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனாள். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

ஆபத்துக்கான ஒத்திகை எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் துயரமான பாடம் இல்லை. ஒத்திகை, தான் தவிர்க்க நினைக்கும் ஆபத்தையே சுமந்து வரக் கூடாது. ஹார்னஸில் தொங்குபவரின் கால் தரையை விட்டுச் சற்றே உயர்ந்திருக்கிறது. அவர் தவறான கைப்பிடியை இழுத்தால் அடுத்த படத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அங்கே தவறு செய்ய இடம் இருக்கிறது. இரண்டாவது பாடம் இன்னும் ஆழமானது. தயக்கம் என்பது முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்பதற்கான அடையாளம். தயங்குபவரைத் தள்ளுவது அவருடைய முடிவை அவரிடமிருந்து பறிப்பது. ஸ்கைடைவிங்கில் விமானம் ஏறிய பிறகும் மாணவர் குதிக்க மாட்டேன் என்று சொல்லலாம். விமானத்திலேயே இறங்கி வரலாம். அந்த உரிமை இருப்பதால்தான் அவர் குதிக்கும்போது அது அவருடைய குதிப்பாக இருக்கிறது, சிவப்பை இழுக்கும்போது அது அவருடைய கையாக இருக்கிறது. பிறர் தள்ளி ஒருவரை மாடியிலிருந்து இறக்கலாம்; உயிர் பிழைக்கக் கற்றுக்கொடுக்க முடியாது.

*

பயிற்சி பெற்றுவிட்டால் அது உடம்பில் தங்கிவிடும் என்று நம்புகிறோம். தங்குவதில்லை. சங்கத்தின் கையேடே இதை ஒப்புக்கொள்கிறது. முதல்நிலை உரிமம் உள்ளவர் 60 நாள் குதிக்காமல் இருந்தாலே மறுபடி மேற்பார்வையில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் பாதுகாப்பு நாள் என்று ஒன்றை வைத்துப் பழைய ஆட்களையும் ஹார்னஸில் ஏறச் சொல்கிறார்கள். ஆனாலும் ஆயிரம் முறை குதித்தவருக்கு அந்த ஹார்னஸ் மாணவர்களின் சாமானாகத் தோன்றிவிடும்.

இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முதன்மைப் பாராசூட் கோளாறாவது ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதாவது, ஒருவர் நல்லபடி குதித்த ஒவ்வொரு முறையும் அவருடைய கை சிவப்பைத் தொடாமல் இருக்கப் பழகிக்கொள்கிறது. அனுபவம் ஏறஏற, எதுவும் ஆகாது என்பதில்தான் பயிற்சி கூடுகிறது. சங்கீதக்காரரின் சாதகம் கச்சேரிக்குக் கச்சேரி மெருகேறும். இங்கே ஒவ்வொரு கச்சேரியும் சாதகத்தைக் கொஞ்சம் அழித்துவிட்டுப் போகிறது. ஆகவே புதியவரைவிடப் பழையவருக்குத்தான் ஒத்திகை அதிகம் தேவை. கருவியை மாற்றியவருக்கு இன்னும் தேவை. மெத்தென்ற கைப்பிடிக்குப் பழகிய கை உலோகக் கைப்பிடியைத் தேடும்போது தடுமாறும்; ஹாரிஸின் கை கொக்கியில் போய் நின்றதுபோல் எங்காவது போய் நிற்கும்.

வெறும் சடங்காகச் செய்வதும் போதாது. விமானம் ஏறுமுன் இரண்டு கைப்பிடிகளையும் லேசாகத் தொட்டுக்கொள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் தொடுவது இழுப்பதாகாது. ஒட்டுப்பட்டை உரியும் ஓசை, கம்பி உருவி வரும் நீளம், கை முழுக்க நீள வேண்டிய தேவை, ஊசியை இழுக்கும்போது எதிர்க்கும் பலம் எல்லாவற்றையும் உடம்பு ஒருமுறையாவது உண்மையான கருவியில் அறிந்திருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு தானாக வருகிறது. அமெரிக்க விதிப்படி இரண்டாவது பாராசூட்டை 180 நாளுக்கு ஒருமுறை, பயன்படுத்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிமம் பெற்ற ரிக்கர் ஒருவர் பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும். மடித்து முடித்துச் சிவப்பு நூலால் கட்டி, தன் அடையாளம் பதித்த ஈய முத்திரையை இடுவார். அந்த முத்திரையை எப்படியும் உடைக்கப் போகிறார்கள். அதை உடைக்கும் கை குதிப்பவருடைய கையாகவே இருக்கலாம்.

இந்தப் பயிற்சியை எந்த வீரத்தோடும் சேர்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அது ஒருவர் தன்மேல் காட்டும் அக்கறை. அச்சத்தில் மூளை குறுகி, காது அடைத்து, கண் கலங்கி நிற்கப்போகும் ஓர் ஆளை அவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த ஆள் அவரேதான். அப்போது அந்த ஆளிடம் அறிவையோ துணிவையோ எதிர்பார்க்க முடியாது. அவர் செய்ய வேண்டியதை அவருக்காக இப்போதே செய்துவைக்கலாம். ஆகவே அடுத்த முறை இரண்டாவது பாராசூட்டை மடிக்கக் கொடுக்கும் நாள் வரும்போது, எத்தனை ஆயிரம் முறை குதித்தவராக இருந்தாலும், பையை அப்படியே ரிக்கரின் மேசையில் வைத்துவிட வேண்டாம். முழுதாக மாட்டிக்கொண்டு, முடிந்தால் ஹார்னஸில் தொங்கி, பக்கத்தில் ஒருவரை ஒரு கோளாறைச் சொல்லச் சொல்லி, வளைந்து, பார்த்து, பற்றி, சிவப்பை முழுக்க இழுத்து, வெள்ளியை முழுக்க இழுத்து, தலைநிமிர்ந்து பார்த்த பிறகு கழற்றிக் கொடுங்கள்.